உப்புவெளி வளவும் குதிரைகளும்

குடும்ப வாட்ஸ்அப் குழு, திருகோணமலை

தர்சன்: எல்லோருக்கும் வணக்கம். கொழும்பிலிருந்து ஒரு குழு சரித்திரப் பாடல் ஒன்று எடுக்க உப்புவெளிக்கு வருகிறது. உள்ளூர் ஒழுங்குகள் என் பொறுப்பு. போர்வீரர்களாக நடிக்க இருபது பேர் தேவை. கலா மாமி, மூன்று குதிரைகளைக் கட்டுவதற்கு உங்கள் வளவைத் தருவீர்களா? வாடகை கொடுப்பார்கள்.

கலா மாமி: வளவு சும்மாதான் கிடக்கிறது தம்பி. வேம்பு நிழலும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் சவர். குதிரைகள் எங்கிருந்து வருகின்றன?

தர்சன்: நுவரெலியாவிலிருந்து மாமி. இரவு லொறியில் வந்து இறங்கும். மறுநாள் காலையில் தொடங்கிப் பின்னேரம் வேலை முடிந்துவிடும்.

மதுரா அக்கா: தர்சன், பொறு. மிருக வைத்தியராகக் கேட்கிறேன். நுவரெலியாக் குளிரில் நிற்கும் குதிரையை சூடான கச்சான் காற்று வீசும் இந்தக் காலத்தில் இங்கே இறக்கி, மறுநாளே மணலில் ஓட்டப் போகிறார்களா?

ராசு மாமா: குதிரை ஓடுகிற பிராணிதானே பிள்ளை. ஒரு நாள் ஓடினால் என்ன வந்துவிடும்?

மதுரா அக்கா: மாமா, ஓடும்போது அதன் உடம்பில் உண்டாகும் சூடு கொஞ்சமல்ல. 450 கிலோ உடம்பு. அந்தச் சூட்டைப் பெரும்பாலும் வியர்த்துத்தான் தணிக்கும், வியர்வையோடு உப்பும் போய்விடும். நாயைப் போல வாயைத் திறந்து இளைக்கவும் அதனால் முடியாது, மூச்சு முழுவதும் மூக்கு வழியேதான். குளிர்ப் பிரதேசத்துக் குதிரைக்கு வெப்பம் பழகுவதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். லொறியில் மலை இறங்கி வந்த களைப்பு வேறு.

கலா மாமி: எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

மதுரா அக்கா: சாதாரண நாளில் 25 முதல் 50 லீற்றர். வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூட. மாமி, உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. பழகாத ருசி என்றால் தாகத்தோடு நின்றாலும் சில குதிரைகள் வாய் வைக்காது. பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வர வேண்டும். தர்சன், என்னென்ன காட்சிகள்? ஒளிக்காமல் சொல்.

தர்சன்: அலை ஓரமாக மூன்று குதிரைகளும் பாய்ந்து வரும். புகை இருக்கும். குதிரை வேகமெடுக்கப் பின்னால் சீனவெடி கொளுத்துவார்கள். மேலே ட்ரோன். கடைசியில் ஒரு குதிரை வீரனோடு விழ வேண்டும். முன்னங்காலில் கயிறு கட்டி இழுத்தால் விழும் என்று குதிரைகளைக் கொண்டுவருபவர் சொன்னாராம்.

நிரோஷன் (சென்னை): கயிறு என்ற பேச்சே வேண்டாம் தம்பி. நான் எடிட்டிங்கில் இருப்பவன், இதைப் பற்றி விடிய விடிய எழுதுவேன். அந்த வித்தை பழைய ஹொலிவுட்டில் நடந்தது. முன்னங்கால்களில் பட்டி போட்டுக் கம்பியைக் கோர்த்து, வயிற்றுப் பட்டி வழியே எடுத்து, மறு முனையை நிலத்தில் புதைத்த கட்டையில் கட்டுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடிக் கம்பி முடியும் இடத்துக்கு வந்ததும் கால்கள் பின்னுக்கு இழுபட்டுத் தலைகுப்புற விழும். தான் விழப் போவது அதற்குத் தெரியாது. 1936 இல் வந்த ஒரு போர்ப் படத்தில் இந்தக் கம்பியால் விழுந்த குதிரைகளில் இருபத்தைந்து வரை செத்தன, அல்லது கொல்ல வேண்டி வந்தது என்று எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டே, 1937 இல், பிரிட்டனில் சட்டம் கொண்டுவந்தார்கள்: மிருகத்தை வதைத்து எடுத்த காட்சி உள்ள படத்தைத் திரையிடவே கூடாது.

ராசு மாமா: அமெரிக்காவில் ஒன்றும் செய்யவில்லையா?

நிரோஷன் (சென்னை): அங்கே 1939 இல் வந்த ஒரு படத்துக்காகச் சுமார் 70 அடி உயரப் பாறையிலிருந்து குதிரையை ஆற்றுப் பக்கம் விழ வைத்தார்கள். அது செத்தது. சனம் கொதித்த பிறகுதான் 1940 இல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற மிருக நல அமைப்பு படப்பிடிப்புத் தளத்துக்குள் வந்தது. அறுபதுகளின் நடுவில் அந்த அதிகாரம் கைநழுவியது. எண்பதில் நடிகர் சங்க ஒப்பந்தம் மூலம் திரும்பவும் வந்தது. படத்தின் கடைசியில் மிருகங்களுக்குத் தீங்கு நேரவில்லை என்று ஒரு வரி ஓடுகிறதே, அது அவர்கள் கொடுப்பதுதான். ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து நான் நிம்மதி அடைய மாட்டேன். பந்தயக் குதிரைகள் பற்றிய ஒரு அமெரிக்கத் தொடரை 2012 மார்ச்சில் பாதியில் நிறுத்தினார்கள். மூன்று குதிரைகள் இறந்திருந்தன. இரண்டு, ஓட்டக் காட்சி எடுக்கும்போது. மூன்றாவதை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போகும்போது எகிறிப் பின்பக்கம் விழுந்து தலை அடிபட்டது. கமரா அந்தப் பக்கம் இருக்கவே இல்லை.

கலா மாமி: ஐயோ. அப்படியென்றால் என் வளவில் நிற்கிற நேரமும் பயம்தானே?

மதுரா அக்கா: ஓம் மாமி, அதுதான் நான் சொல்ல வந்தது. கட்டும் இடம், நடக்கும் பாதை, லொறியில் ஏற்றி இறக்கும் பலகை, எல்லாவற்றையும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பார்சல் சுற்றி வந்த பொலித்தீனை ஒருவரும் வளவில் போடக் கூடாது. நம் ஊர்க் கோட்டையில் திரியும் மான்கள் பொலித்தீன் தின்று படும் பாட்டை நம் எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. குடல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ராசு மாமா: ஒன்று கேட்கிறேன் மதுரா. கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சுகப்படுத்தலாம்தானே? ஏன் உடனே கொன்றுவிடுகிறார்கள்?

மதுரா அக்கா: மாட்டுக்குக் கூடச் சில வேளை சரிவரும் மாமா. குதிரை நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கும் பிராணி, கிழமைக் கணக்காகப் படுக்க வைத்துப் பார்க்க முடியாது. முறிந்த காலைத் தூக்கி வைத்தால் பாரம் முழுவதும் மற்றக் கால்களுக்குப் போகும். அந்தக் கால்களின் குளம்புக்குள் அழற்சி வந்து, குளம்பே எலும்பை விட்டுக் கழரத் தொடங்கும். ஒரு காலைக் காப்பாற்றப் போய் மூன்றும் போகும். சத்திரசிகிச்சை செய்து பிழைத்த குதிரைகள் வெளிநாட்டில் உண்டு, அதற்குரிய வசதி திருகோணமலையில் எங்கே இருக்கிறது? இங்கே ஒரு கால் முறிவு என்றால் நான் ஊசியோடுதான் வர வேண்டியிருக்கும். அதற்கு என்னைக் கூப்பிட வைக்காதே தர்சன்.

தர்சன்: அக்கா, நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. விழுகிற காட்சியை வேறு எப்படி எடுப்பது?

நிரோஷன் (சென்னை): விழப் பழக்கிய குதிரைகள் உண்டு. கடிவாளத்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்ப, தோளோடு மெல்லச் சரியும். மாதக் கணக்கில் பழக்க வேண்டும். விழும் இடத்தையும் கொத்திக் கிளறி மெத்தென்று ஆக்கியிருப்பார்கள். நம்மிடம் அந்தக் குதிரையும் இல்லை, பழக்கியவரும் இல்லை. ஆகவே குதிரையை விழுத்தவே வேண்டாம். மர உருளையில் சேணம் போட்டு வீரனை ஏற்றி, மெத்தைக்கு மேல் விழச் செய். கமரா தாழ்ந்து ஆடட்டும், பிறகு மணலில் உருளும் தலைக்கவசம். மீதியை நான் வெட்டி ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

மதுரா அக்கா: வெடியும் வேண்டாம். குதிரைக்குக் கண் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிவரத் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. தெரியாத இடத்தில் வெடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இருபது பேர் வேலோடு நிற்கும் இடம் அது. வேலும் வாளும் ரப்பரில் இருக்கட்டும்.

தர்சன்: இதற்கெல்லாம் அனுமதி எடுக்கச் சட்டம் இருக்கிறதா?

நிரோஷன் (சென்னை): இந்தியாவில் 2001 விதிகளின்படி மிருகங்கள் நலச் சபையில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் தணிக்கைக்குப் போக முடியாது. அப்படி இருந்தும் 2021 இல் ஐதராபாத் பக்கம் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் குதிரை இறந்தது என்று முறைப்பாடு போய்ப் பொலிஸ் வழக்குப் பதிந்தது.

மதுரா அக்கா: நம் நாட்டில் 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் எழுதிய அபராதம் 100 ரூபாய். புதிய மிருக நலச் சட்டம் வரும் வரும் என்று எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறோம். சட்டத்தைப் பார்த்து அவர்கள் பயப்பட மாட்டார்கள். மாமியின் கேற்றைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

கலா மாமி: அப்படியென்றால் கேட்டுக்கொள் தம்பி. மதுரா சொல்வதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால்தான் திறப்புத் தருவேன். வாடகை குறைந்தாலும் பரவாயில்லை.

மதுரா அக்கா: எழுதிக்கொள். வேலை காலை ஒன்பதுக்கு முன், அல்லது நான்கு மணிக்குப் பின். ஓட்டம் அலை நனைத்த இறுகிய மணலில் மட்டும், உதிரி மணலில் கால் நரம்பு இழுபடும். ஒத்திகையும் ஓட்டக் கணக்கில் சேரும். ஓய்வில் நாடித்துடிப்பு 30, 40 இருக்கும், ஓடி முடிந்து 60 க்குக் கீழே இறங்காமல் அடுத்த டேக் இல்லை. சூடேறினால் உடம்பு முழுவதும் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் ஆகாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட அட்டையை நான் பார்க்க வேண்டும். கடைசியாக, நான் நிறுத்து என்றால் இயக்குநர் நிறுத்த வேண்டும். அவர்களிடம் ஒரு சதமும் வாங்க மாட்டேன்.

தர்சன்: இயக்குநரோடு கதைத்துவிட்டேன். விழும் காட்சி இல்லை. வெடி இல்லை. நுவரெலியாக் குதிரைகளை விட்டு, கொழும்பில் வெயிலுக்குப் பழகிய இரண்டை முதல் நாள் காலையிலேயே கொண்டுவந்து ஓய்வு கொடுப்பார்கள். பவுசர் சரி. நிறுத்தும் அதிகாரமும் உங்களுக்குத்தான் என்று எழுதித் தருகிறார். ட்ரோன் மட்டும் வேண்டும் என்று நிற்கிறார், தாழப் பறந்தால்தான் அழகாம்.

மதுரா அக்கா: தாழப் பறக்க விட முடியாது. அந்தக் குதிரைகள் ட்ரோன் சத்தத்துக்குப் பழகியவையா என்று கொண்டுவருபவரிடம் கேள். இல்லை என்றால், ஓட்டம் ஒரு தடவை, ட்ரோன் காட்சி குதிரை இல்லாமல் வேறாக.

நிரோஷன் (சென்னை): இரண்டையும் ஒன்று சேர்ப்பது என் வேலை. அவரிடம் அப்படியே சொல்.

தர்சன்: நாளை காலை பேசிவிட்டு எழுதுகிறேன்.

கலா மாமி: அந்தக் கடதாசியும் கையோடு வரட்டும் தம்பி.