டெண்டர் ஸ்டோக்கர் மாடல்: பின்பக்கக் கரி மட்டும் இறங்குகிறது, முன்பக்கம் அசையவே இல்லை. உதவி தேவை

ஃபைனல்_இயர்_மெக்:
எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக நீராவி இன்ஜினின் டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) ஒன்றை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறோம். இது ஓடாது, மேஜைமேல் நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்டோக்கர், அதாவது நெருப்பு எரியும் அறைக்கு (ஃபயர்பாக்ஸ்) கரியைக் கொண்டுபோகும் இயந்திரம், நிஜமாகவே கரியைத் தள்ள வேண்டும் என்பது கைடு போட்ட நிபந்தனை. அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஸ்டோக்கர் கம்பெனி தயாரித்த எச்.டி. வகையைத்தான் மாதிரியாக எடுத்திருக்கிறோம்.

அமைப்பு இதுதான். கரித் தொட்டியின் அடியில், நட்டநடுவே நீளவாக்கில் ஒரு வாய்க்கால், அகலம் 46 மி.மீ. அதற்குள் 40 மி.மீ. விட்டமுள்ள திருகு. பிட்ச்சும் (திருகின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 40தான், முழு நீளத்துக்கும் ஒரே பிட்ச். நீளம் 450 மி.மீ. முன்முனையில் கரியை உடைக்கும் பகுதி. அங்கிருந்து ஒரு குழாய் இன்ஜின் பக்கம் போய், மேலேறி, ஃபயர்பாக்ஸ் வாயில் முடிகிறது. கார் வைப்பர் மோட்டார் திருகைச் சுற்றுகிறது. உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்று ஒரு பக்கச் சுவரை அக்ரிலிக்கில் போட்டிருக்கிறோம்.

பிரச்சினை மூன்று. தொட்டியை நிரப்பி ஓட்டினால் கடைசிப் பின்பக்கத்துக் கரி மட்டும் குழி விழுந்து இறங்குகிறது. முன்பக்கம் மலை மாதிரி அப்படியே நிற்கிறது. தொட்டி நிரம்பியிருக்கும்போது ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. அப்புறம், வளைவில் டெண்டர் திரும்புவதைக் காட்ட இன்ஜின் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பினால் இணைப்புக் குழாயும் இறுகிவிடுகிறது. மோட்டாரைப் பெரிதாக்கினால் சரியாகுமா? ரிவ்யூவுக்கு நாள் நெருங்குகிறது.

திருகுக்காரன்:
மோட்டாரைத் தொடாதீர்கள் தம்பி. பெரிய மோட்டார் போட்டால் ஷாஃப்ட்தான் முறுக்கிக்கொள்ளும். முதலில் இதைச் சொல்லுங்கள்: வாய்க்காலுக்கு மேலே மூடி ஏதாவது இருக்கிறதா, முழுக்கத் திறந்தே இருக்கிறதா? கரித் துண்டு எவ்வளவு பெரியது? சல்லடையில் சலித்ததா, உடைத்தபடியே போடுகிறீர்களா?

ஃபைனல்_இயர்_மெக்:
முழுக்கத் திறந்திருக்கிறது அண்ணா. அசல் வரைபடத்தில் வாய்க்காலை மூடுவதற்கு வரிசையாகச் சறுக்குத் தகடுகள் இருக்கின்றன. போட்டால் திருகு தெரியாது என்பதால் விட்டுவிட்டோம். கரி உடைத்தபடியேதான். பெரிய துண்டு 15 மி.மீ. வரை இருக்கும், கீழே தூளும் நிறைய. இறங்காதபோது சுவரில் சுத்தியால் தட்டுகிறோம். மாவு மில்லில் தட்டுவார்களே, அதேபோல. தட்டினால் கொஞ்சம் இறங்குகிறது.

திருகுக்காரன்:
விடை அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. எனக்குத் தொழிலே பல்க் மெட்டீரியல் ஃபீடர்கள்தான் (குவியலாகக் கொட்டிய பொருளை நகர்த்தும் இயந்திரங்கள்), சிமென்ட் ஆலையிலும் இதே கதையைத்தான் பார்க்கிறேன்.

ஒரே பிட்ச் உள்ள திருகு, வெளியேறும் முனைக்கு எதிர்முனையிலிருந்துதான் கரியை எடுக்கும். திருகின் முதல் சுற்று தொட்டியின் பின்கோடியில் இருக்கிறது. அது அங்கேயே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய சுற்று முன்னால் நகரும்போது, மேலே இருக்கும் கரி விழுவதற்கு அதில் இடமே கிடையாது. ஆக நடுவிலும் முன்னாலும் இருக்கும் கரி சும்மா உட்கார்ந்து, ஓடும் திருகின் மேல் தன் எடையை அழுத்திக்கொண்டிருக்கும். உங்கள் முதல் பிரச்சினைக்கும் இரண்டாவதற்கும் காரணம் இது ஒன்றே. 450 மி.மீ. நீளத்துக்கும் மொத்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு திருகு கிளம்ப வேண்டும் என்றால் வைப்பர் மோட்டார் பாவம் என்ன செய்யும்? கரி நகர ஆரம்பித்துவிட்டால் சுமை குறையும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளப்புவதுதான் கடினம்.

எங்கள் ஆலைகளில் இதற்கு வழி, வெளியேறும் முனையை நோக்கிப் பிட்ச் கூடிக்கொண்டே போகும்படி திருகு செய்வது. அல்லது நடுத் தண்டைக் கூம்பாகக் கடைந்து, முன்னால் போகப் போக மெலிய வைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கொஞ்சம் இடம் கிடைக்கும், தொட்டி முழுவதும் சமமாக இறங்கும்.

சிறுபாதை_மாடல்:
திருகுக்காரன் சொன்ன காரணம் சரி, ஆனால் இவர்களுக்கு அந்த வைத்தியம் வேண்டாம் என்பேன். அது ஆலைக்குச் சரி. டெண்டரில் தகடுகளை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள்.

ரயிலில் எப்படி நடந்தது என்றால், கரி ஏற்றும்போது எல்லாத் தகடுகளும் மூடியிருக்கும். கிளம்பியதும் ஃபயர்மேன் (நெருப்புக்குக் கரி போடுபவர்) முன்தகட்டை மட்டும் திறப்பார். அந்த இடத்துக் கரி தீர்ந்ததும் அதற்குப் பின்னால் உள்ளது, அப்புறம் அதற்கும் பின்னால். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒன்று திறக்கும்போது திருகு அங்கேயே நிரம்பிவிடும், முன்னால் எதுவும் விழாது. விழ வேண்டியதும் இல்லை, முன்பக்கம்தான் ஏற்கெனவே காலியாயிற்றே! ஒரே பிட்ச் திருகின் குறையை அப்படியே வசதியாக மாற்றிவிட்டார்கள் பாருங்கள், எனக்கு இந்த டிசைனில் மிகவும் பிடித்தது இதுதான்.

பாரமும் திருகின்மேல் அல்ல, மூடிய தகட்டின்மேல் உட்காரும். கல்லோ இரும்புத் துண்டோ கட்டையோ சிக்கினால் திருகைப் பின்னோக்கிச் சுற்றி விடுவிப்பார்கள். அதற்காகவே ஸ்டோக்கர் இன்ஜின் இருபுறமும் சுற்றும்படி இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் ஒருவர் உள்ளே இறங்கிக் கையால் எடுக்க வேண்டும். 20 டன் கரி திறந்த வாய்க்கால்மேல் கிடந்தால் எங்கே இறங்குவது?

திருகுக்காரன்:
ஒத்துக்கொள்கிறேன். கூம்புத் தண்டு கடைய லேத்துக்கு வேறு அலைய வேண்டும். தகடு போதும். ஆனால் கரியின் அளவைக் கவனியுங்கள். நீளவாய் உள்ள தொட்டியில் வாயின் அகலம் பெரிய துண்டைப்போலக் குறைந்தது மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும். 46 மி.மீ. வாயில் 15 மி.மீ. துண்டு விளிம்பில்தான் நிற்கிறது. இரண்டு மூன்று துண்டு தோளோடு தோள் சேர்ந்தால் வாயின் குறுக்கே பாலம் மாதிரி வளைவு கட்டிக்கொள்ளும். சுத்தியால் தட்டி நீங்கள் உடைப்பது அதைத்தான். இன்னொன்று, திருகுக்கும் வாய்க்காலுக்கும் இடைவெளி பக்கத்துக்கு 3 மி.மீ. உங்கள் தூளிலும் 3 மி.மீ. பருக்கைகள் இருக்கும். அவை இடுக்கில் ஆப்பு மாதிரி ஏறும். 8 மி.மீ. சல்லடையில் சலித்து, அதில் 4 மி.மீ.க்குக் கீழே உள்ளதை ஒதுக்கிவிடுங்கள்.

ஃபைனல்_இயர்_மெக்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. நாலு தகடு வெட்டக் கொடுத்திருக்கிறோம். சலித்த கரியைப் போட்டுப் பார்த்ததிலேயே உறுமல் குறைந்துவிட்டது. ஒரு சந்தேகம்: துண்டைச் சின்னதாக்கிவிட்டால் முன்னால் இருக்கும் உடைக்கும் பகுதிக்கு வேலையே இல்லையே?

சிறுபாதை_மாடல்:
இருந்துவிட்டுப் போகட்டும், பார்வைக்கு வேண்டும். அசலில் அங்கே திருகு கரியைப் பல் வைத்த தகட்டின்மேல் அழுத்தி நொறுக்கும். மாடலில் கரியின் கடினம் அதேதான், உங்கள் மோட்டார்தான் சின்னது. அளவைக் குறைக்கும்போது எல்லாமே ஒரே விகிதத்தில் குறையாது என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதுங்கள், வைவாவில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ஷெட்_பெரியவர்:
தம்பிகளுக்கு வாழ்த்துகள். நான் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவன். நம்மூர் டபிள்யூ.பி. வகை பயணி ரயில் இன்ஜின்களில் இந்த வசதி எல்லாம் இருந்ததில்லை. 46 சதுர அடி கிரேட் (கரி எரியும் கம்பித் தட்டு), ஷவலால்தான் போட வேண்டியிருந்தது. ஒரு டிரைவர், இரண்டு ஃபயர்மேன். இரண்டாவது ஆள் டெண்டரில் நின்று கரியை உடைத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். நீங்கள் செய்யும் திருகும் உடைக்கும் தகடும் அந்த ஆளின் வேலையைத்தான் செய்கின்றன.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. டெண்டர் என்றாலே முக்கால்வாசி தண்ணீர்தான். நடுவே வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

சிறுபாதை_மாடல்:
ஐயா, நல்ல கேள்வி. தண்ணீர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதற்குக் கச்சிதமான உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1958இல் அங்கே 9எஃப் வகை இன்ஜின்களில் மூன்றுக்கு மட்டும், 92165 முதல் 92167 வரை, பெர்க்லி ஸ்டோக்கர் வைத்தார்கள். சாதாரண பி.ஆர்.1சி டெண்டரில் கரி 9 டன், தண்ணீர் 4,725 காலன். ஸ்டோக்கருக்காகச் செய்த பி.ஆர்.1கே டெண்டரில் கரி அதே 9 டன், தண்ணீர் 4,325 காலன். 400 காலன் போய்விட்டது, நம் கணக்கில் சுமார் 1,800 லிட்டர்.

அவ்வளவையும் இழந்து பெரிய லாபமும் இல்லை. 9எஃப்பின் கிரேட் 40 சதுர அடிதான், டபிள்யூ.பி.யைவிடச் சிறியது. நல்ல ஃபயர்மேன் கையாலேயே சமாளிப்பார். 1962இல் ஸ்டோக்கர்களைக் கழற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் கதை வேறு. 1941இல் வந்த பிக் பாய்க்கு 150 சதுர அடி கிரேட், டெண்டரில் 28 டன் கரி, 24,000 அமெரிக்க காலன் தண்ணீர். அதற்கு எத்தனை பேர் ஷவல் பிடித்தாலும் போதாது; அவ்வளவு பெரிய தொட்டியில் வாய்க்கால் பிடிக்கும் இடமும் உறுத்தாது. 1938 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு கட்டும் கனமான கரி இன்ஜின்களுக்கு அங்கே ஸ்டோக்கரைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் எல்.எம்.எஸ். ரயில்வே, டச்சஸ் இன்ஜின்களின் 10 டன் டெண்டரில் பின்னாலிருந்து கரியை முன்னால் தள்ள நீராவித் தள்ளி வைத்தது. வாய்க்கால் வேண்டாம், தண்ணீர் இடம் போகாது. ஆனால் ஷவல் ஃபயர்மேன் கையிலேயே இருக்கும்.

ஃபைனல்_இயர்_மெக்:
இதை ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்கிறோம் அக்கா. அப்படியென்றால் எங்கள் தண்ணீர்த் தொட்டியை வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கால் மாதிரிப் பிரித்தது சரிதானே? கரித் தொட்டியின் பக்கத் தகடு 35 பாகைச் சாய்வில் இருக்கிறது.

திருகுக்காரன்:
கால் சரி. சாய்வு போதாது. 45 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். தகட்டின் மூலைகளில் வெல்டு கட்டி இருந்தால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், கரி அங்கேதான் தங்கும். சாய்வைக் கூட்டினால் இருபுறமும் தண்ணீர் இடம் மாறும், அதைக் கணக்கில் திருத்த மறக்காதீர்கள்.

சிறுபாதை_மாடல்:
அந்த இணைப்புக் குழாய் விஷயத்தை யாரும் தொடவில்லை. குழாயின் இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? அப்படியானால் இறுகத்தான் செய்யும். வளைவில் டெண்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கோணம் மட்டும் மாறுவதில்லை, தூரமும் மாறும். அசலில் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு, முனைகளில் பந்து மூட்டு, உள்ளே திருகின் தண்டுக்கு யூனிவர்சல் ஜாயின்ட் (கோணத்தில் மடங்கியபடியே சுற்றும் மூட்டு). கோணத்தை மூட்டு வாங்கிக்கொள்ளும், தூரத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும்.

யூனிவர்சல் ஜாயின்ட்டை இரண்டாகப் போடுங்கள், இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் போட்டால் வளைவில் திருகு வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறிச் சுற்றும். மூட்டை, இன்ஜினையும் டெண்டரையும் இணைக்கும் டிராபாரின் முளை ஆணிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாகக் குழாய் சறுக்க வேண்டியிருக்கும். டிராபாருக்கு மேலே, ஃபயர்மேன் நிற்கும் தளத்துக்குக் கீழே, அந்தச் சந்துக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும்.

ஷெட்_பெரியவர்:
ஃபயர்பாக்ஸ் வாய்க்கு வந்த பிறகு கரியை யார் பரப்புவது?

சிறுபாதை_மாடல்:
நீராவிதான் ஐயா. வாயில் ஒரு மேடை, அதன்மேல் கரி வந்து விழும். சின்னத் துளைகளிலிருந்து நீராவி பீய்ச்சி, இடது, வலது, முன், பின் என்று ஊதித் தள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வால்வு. மாடலில் இவர்கள் காற்று ஊதினால் லேப் முழுக்கக் கரித் தூள்தான், அதனால் விட்டுவிடுவது உத்தமம்.

ஃபைனல்_இயர்_மெக்:
அப்டேட்: தகடு நாலும் மாட்டியாயிற்று. முன்தகட்டைத் திறந்து ஓட்டினால் தொட்டி நிரம்பியிருந்தாலும் மோட்டார் உடனே கிளம்புகிறது. முன்பக்கம் காலியானதும் இரண்டாவதைத் திறந்தோம், அக்கா சொன்னபடியே அங்கிருந்து இறங்கியது. மோட்டாருக்கு முன்பின் ஸ்விட்சும் வைத்துவிட்டோம். வேண்டுமென்றே ஒரு நட்டைப் போட்டுச் சிக்க வைத்து, பின்னோக்கிச் சுற்றி எடுத்தோம், பார்த்த ஜூனியர்கள் கைதட்டினார்கள்.

சிக்கல் ஒன்று பாக்கி. மூன்றாவது, நாலாவது தகட்டின்மேல் கரி பாரம் இருப்பதால் இழுக்கவே முடியவில்லை. இழுத்தால் தகடு வளைகிறது.

திருகுக்காரன்:
தகடு எத்தனை மி.மீ.? ஒன்றுக்குக் கீழே என்றால் 2 மி.மீ.க்கு மாற்றுங்கள். முன்விளிம்பில் ஒரு ஓட்டை போட்டு, கொக்கி மாட்டி முன்பக்கமாக இழுங்கள். முன்னால் காலியாக இருப்பதால் தகடு அந்த இடத்துக்குச் சறுக்கி வரும், கரியை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. தகடு உட்காரும் விளிம்பில் தூள் சேராமல் இருக்க, விளிம்பை அகலமாக வைக்காமல் 3 மி.மீ.யோடு நிறுத்துங்கள்.

சிறுபாதை_மாடல்:
அக்ரிலிக் சுவரின் உள்பக்கத்தில் மெல்லிய கண்ணாடி ஒன்றை ஒட்டிவிடுங்கள். கரி கீறிக் கீறி அக்ரிலிக் பால் வண்ணத்துக்கு மங்கிவிடும். வெளித் தேர்வாளர் வரும்போது மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்கும், உள்ளே ஒன்றும் தெரியாது.