பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்), மரம் இழுக்கும்போது நின்றுவிடுகிறது: உதவி தேவை

வணக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில், கிப்சன்ஸ் பக்கம் இருக்கிறேன். கரையொதுங்கும் டக்ளஸ் ஃபர் மரங்களை, உரிய அனுமதியோடு, 14 அடி அலுமினியப் படகில் கட்டி இழுத்து வந்து குளிர்காலத்துக்கு விறகாக்குகிறோம். முத்திரை குத்திய மரம் மரக் கம்பெனிக்குச் சொந்தம், அதைத் தொடுவதில்லை.

மோட்டார் 1956-ஆம் ஆண்டுடையது, 10 குதிரைத்திறன். 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். வெறும் படகென்றால் மணிக்கணக்கில் ஓடும். பின்னால் மரம் இருந்தால் இருபது நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒரே இழுப்பில் கிளம்பும்!

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் (சுழலும் ரப்பர் சக்கரம்), ஸ்பார்க் பிளக், பற்றவைப்புச் சுற்றிலுள்ள கண்டென்சர் எல்லாம் புதிது. பின்பக்கத் துளையில் தண்ணீர் நன்றாகத் தெறிக்கிறது. பெட்ரோல் வருவது இரண்டு குழாய் கொண்ட பழைய பிரஷர் டேங்கிலிருந்து; உள்ளே போகும் காற்றழுத்தம்தான் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும். திணறும்போது கையால் பம்ப் செய்தும் மாற்றமில்லை, அதனால் பெட்ரோல் தட்டுப்பாடு இல்லை என்று நினைக்கிறேன். சூடேறியதும் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) பழுதாகிறதோ என்பதுதான் என் சந்தேகம். பழைய காயில்களின் மேலுறை வெடிப்பது சகஜம்தானே. அல்லது புரொபெல்லரின் பிட்ச் (இறக்கைகளின் சாய்வு) இழுவைக்கு அதிகமா? மரம் இழுக்கும்போது முழு விசையிலும் எஞ்சின் வேகம் ஏறவே இல்லை.

இதே வகை மோட்டாரில் பாரம் இழுத்தவர்கள் முதலில் எதை மாற்றினீர்கள், சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: மரத்தில் ஊறிய உப்பு அடுப்பின் இரும்பை அரிக்கும் என்பதால் பிளந்து மழையில் போட்டுவைக்கிறேன். எத்தனை மாதம் போட்டால் போதும்?