டை பாக்ஸ்ல பெயிண்ட் பேந்துருச்சு, டச்சப் எப்படிங்க பண்றது?

கொழிஞ்சாம்பாறை_மேஜிக்:
வணக்கம்ங்க. எங்க மேஜிக் ஆசான் குடுத்த டை பாக்ஸ் (மேடைல பகடைய மறைய வைக்கற கதவு வெச்ச பெட்டிங்க), மரம், சிவப்பு எனாமல், சுத்தி தங்கக் கோடு அவரே கையில இழுத்தது. போன வாரம் கொல்லங்கோட்டுல புரோகிராம் முடிச்சு ஆட்டோல ஏத்தறப்ப ஸ்டாண்டுல மோதி ஒரு மூலை சில்லு பேந்து மரம் தெரியுது, கதவுல நாலஞ்சு கீறல், உள்ள கருப்பும் ஒரு எடத்துல போயிருச்சு. ஓணத்துக்கு 20 நாள்தான் இருக்கு. வீட்டுல நெயில் பாலிஷ் வெச்சு அடைச்சிருன்னு சொல்றாங்க, மனசு வரலீங்க. முழுசா அடிச்சா அந்தக் கோடு போயிரும். வேலை செய்யற ரகசியத்தை மட்டும் இங்க எழுதிராதீங்க.

வேலந்தாவளம்_பெயிண்டர்:
நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம்ங்ணா, அதுவும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) வகைதான், பழைய எனாமலை இளக்கி சுருங்க வெச்சாலும் வெச்சிரும். எனாமல் மேல எனாமலே போடுங்க. மூலைக்கு எம்சீல் (பிசைஞ்சு வெச்சா கல்லு மாதிரி இறுகற எபாக்ஸி) வெச்சு அடைங்க, பட்டி வெச்சா அடுத்த இடில மறுபடி பேந்துக்கும். இறுகினதுக்கப்புறம் 320 நம்பர் உப்புத்தாள்ல வடிவம் பிடிச்சு, 400ல தேய்ங்க, விரல் வெச்சா படி தட்டக்கூடாது. அப்புறம் பிரைமர், அதுக்கு மேல கலர், ரெண்டு மூணு தடவை மெல்லிசா. பழைய சிவப்பு மங்கிருக்கும், அதனால புது சிவப்புல ஒரு துளி பிரவுன் கலந்து அட்டைல தடவி நல்லா காஞ்சப்புறம் பாருங்க, ஈரத்துல பாத்தா ஏமாந்துருவீங்க.

செங்கோட்டை_ஸ்டேஜ்:
தம்பி, அவரு சொன்னது வெளிப்பக்கத்துக்கு சரி. ஒண்ணு மேல ஒண்ணு நழுவுற எடத்துல மட்டும் பெயிண்டே ஏத்தாதீங்க. நான் ஒருக்க அழகா இருக்கட்டும்னு அங்கயும் ரெண்டு கோட்டு அடிச்சுட்டு புனலூர்ல மேடை ஏறுனேன், மழை நேரம், மரம் வேற ஊதிருக்கு, கதவு பாதியில இறுகி நின்னுட்டு, முன்வரிசைல அத்தனை பிள்ளைங்களும் வாயப் பாத்துட்டு இருக்கு, இன்னைக்கு நெனச்சாலும் கை நடுங்கும். அங்க கீறல் இருந்தா இருக்கட்டும், வெள்ளை மெழுகுவர்த்திய லேசா தேய்ச்சு விடுங்க போதும். உள்ள கருப்புக்கு பளபளப்பு பெயிண்ட் தொடாதீங்க, லைட்டு விழுந்தா அந்தப் பொட்டு மட்டும் மின்னும், ஸ்கூல் கரும்பலகைக்கு அடிக்கிற போர்டு பெயிண்ட் வாங்குங்க. எனாமல் ஒரு நாள்ல கைக்கு ஒட்டாது, ஆனா உள்ளுக்குள்ள எளசாத்தான் இருக்கும், ஒரு வாரம் மூடாம திறந்தே வையுங்க, இல்லன்னா ஒண்ணோடொண்ணு பிடிச்சிக்கிடும்.

கோபாலபுரம்_லைன்ஸ்:
தங்கக் கோடு எங்க வரைக்கும் நல்லா இருக்கோ அதுவரை மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க, அதையும் வேலை முடிஞ்சதும் உரிச்சிருங்க, நாள்பட விட்டா பழைய பெயிண்ட்டையே தூக்கிட்டு வரும். விட்டுப்போன அரை இன்ச் கோட்டுக்கு லாரில பேர் எழுதறவங்களைப் பிடிங்க. நீள மயிர் பிரஷ்ல ஒரே இழுப்புல முடிச்சுருவாங்க, பேனாவால போட்டா அந்த நெளிவு வராதுங்க.

கொழிஞ்சாம்பாறை_மேஜிக்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நழுவுற பக்கம் சேர்த்து அடிக்கலாம்னுதான் பெயிண்ட் வாங்கி வெச்சிருந்தேன், செங்கோட்டை அண்ணா சொல்லலைன்னா அடிச்சிருப்பேன். இப்ப மூலைல எம்சீல் வெச்சாச்சு. கோட்டுக்கு சித்தூர்ல லாரி எழுதற அண்ணன் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்காரு.