‘ட்ரீட்டி’ என்பதற்கு ‘உடன்படிக்கை’ வேண்டாம்: ‘தீர்வுப்பேச்சு’ என்று ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில், 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றிய பகுதியில் ‘ட்ரீட்டி’ (treaty) என்று வரும் மூன்றுக்கும் ‘உடன்படிக்கை’ என்றே போட்டிருக்கிறோம்: ஆக்ஸ்போர்டு உடன்படிக்கை (1643), அக்ஸ்பிரிட்ஜ் உடன்படிக்கை (1645), நியூபோர்ட் உடன்படிக்கை (1648). இந்த மூன்றில் ஒன்றிலும் உடன்பாடு ஏற்படவில்லை. இதைப் படிக்கும் மாணவர், மன்னர் முதலாம் சார்லஸும் நாடாளுமன்றமும் மூன்று முறை கையெழுத்துப் போட்டு மூன்று முறையும் வாக்குத் தவறினார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். அன்றைய ஆங்கிலத்தில், பேசித் தீர்க்க இரு தரப்பும் முறைப்படி உட்கார்ந்தாலே அது ட்ரீட்டிதான். பேச்சு முறிந்தாலும் பெயர் மாறாது.

‘ஒப்பந்தம்’ என்று மாற்றலாம் என்று வந்த யோசனையிலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘தூது’ அழகான சொல். ஆனால் தூது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது. மன்னர் தங்கியிருந்த ஆக்ஸ்போர்டுக்கு நாடாளுமன்றத்தார் அவரைத் தேடிப் போனதை வேண்டுமானால் தூது எனலாம். அக்ஸ்பிரிட்ஜில் இரு தரப்பும் நடுவழியில் ஓர் ஊரில் கூடியதை அப்படிச் சொல்ல முடியாது. ‘சந்து செய்தல்’ என்ற பழைய வழக்கை ஒருவர் நினைவூட்டியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் இன்று சந்து என்றால் தெருவைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தோன்றாது.

மிச்சம் இருப்பது ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. பலரும் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கு இதில்தான் உடன்பாடில்லை. 1643இல் போர்நிறுத்தம் பற்றிய பேச்சும், நாட்டின் ஆட்சி எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சும் தனித்தனியாகவே நடந்தன. முதலாவதே முடிவுக்கு வரவில்லை. அப்படியும் இரண்டாவதைப் பேசினார்கள். 1645 பிப்ரவரியில் அக்ஸ்பிரிட்ஜில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சண்டை நிற்கவே இல்லை. அதே மாதம் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தின் இன்வர்லாக்கியில் மன்னர் பக்கத்துப் படைத்தலைவர் மாண்ட்ரோஸ் பெரிய வெற்றி பெற்றார். அந்தச் செய்தி வந்ததும் விட்டுக்கொடுக்க மன்னருக்கு இருந்த கொஞ்ச மனமும் போயிற்று. 1648 செப்டம்பரில் நியூபோர்ட்டில் பேச உட்கார்ந்தபோது நிலைமை தலைகீழ். அந்த ஆண்டு மூண்ட இரண்டாம் உள்நாட்டுப் போரும் முடிந்துவிட்டது, மன்னர் நியூபோர்ட் இருக்கும் வைட் தீவில் கைதி. நிறுத்துவதற்கு அங்கே சண்டையே இல்லை. ஆக, போர் நடக்கும்போதும் பேசினார்கள், முடிந்த பிறகும் பேசினார்கள். அவர்கள் தேடியது தீர்வு. திருச்சபையை யார் நடத்துவது, படை யார் கையில் இருப்பது, அயர்லாந்தை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்குத் தீர்வு.

அதனால் என் பரிந்துரை ‘தீர்வுப்பேச்சு’. தீர்வுக்காகப் பேசினார்கள் என்பது தெரிகிறது. தீர்வு கிடைத்தது என்று அது சொல்லவில்லை. ஊர்ப் பெயரோடும் இயல்பாகச் சேர்கிறது: அக்ஸ்பிரிட்ஜ் தீர்வுப்பேச்சு, நியூபோர்ட் தீர்வுப்பேச்சு.

இதைப் பொதுவான பேச்சுவார்த்தையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இவற்றுக்கு இருந்த கட்டுக்கோப்பு. அக்ஸ்பிரிட்ஜில் கெடு 20 நாள். மேலே சொன்ன திருச்சபை, படை, அயர்லாந்து என்ற மூன்று பொருள்களையும் மும்மூன்று நாளாகச் சுழற்சியில் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. மன்னர் தரப்பினர் தெருவின் ஒரு பக்கம் தங்கினார்கள், நாடாளுமன்றத் தரப்பினர் எதிர்ப்பக்கம். பேச்சு நடந்த வீடு இன்றும் அங்கே நிற்கிறது. நியூபோர்ட்டில் கெடு 40 நாள், அதையும் பிறகு நீட்டினார்கள். அங்கே மன்னர் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். ஆலோசகர்கள் பின்னால் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஐயம் வந்தால் மன்னர் எழுந்து வேறு அறைக்குப் போய் அவர்களைக் கேட்டுவிட்டு வர வேண்டும். எல்லாம் முடிவாகும்வரை எந்த ஒன்றும் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதும் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்ட விதி. நாள் கணக்கும் விதியும், பேச வருவோர் தடையின்றிப் போய்வரப் பாதுகாப்புச் சீட்டும் உள்ள இந்த ஏற்பாட்டை, தொகுதிப் பங்கீட்டுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் நாம் தினமும் சொல்லும் அதே சொல்லால் சொன்னால் விஷயம் கரைந்துபோகும்.

பெயரில் என்ன இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டால் போதாதா என்று கேட்ட நண்பருக்கு ஒரு செய்தி. அக்ஸ்பிரிட்ஜுக்குப் போகும் முன்பே ஒரு பெயரில்தான் முட்டிக்கொண்டு நின்றது. வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியிருப்பவர்களை ‘நாடாளுமன்றம்’ என்று எழுத மன்னருக்கு மனமில்லை. 1644 தொடக்கத்தில் அவரே ஆக்ஸ்போர்டில் ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டியிருந்தார். அவருடைய ஆலோசனைச் சபை வற்புறுத்திய பிறகுதான் அந்தச் சொல்லைப் போட்டார். அப்படி அழைப்பதால் அவர்களை நாடாளுமன்றமாக ஏற்றதாக ஆகாது என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதினேன், அது சபைக் குறிப்பேட்டிலும் பதிவாகியிருக்கிறது என்று அரசி ஹென்றியேட்டா மரியாவுக்குக் கடிதம் எழுதினார். 1645 ஜூனில் நேஸ்பி போரில் அவருடைய கடிதப் பெட்டி எதிரிகளிடம் சிக்கியது. நாடாளுமன்றம் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டது. அதன்பின் இந்த மனிதரோடு பேசி என்ன பயன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது கடினமாயிற்று. நியூபோர்ட்டிலும் இதே கதை: பெரிய அளவில் விட்டுக்கொடுத்த அன்றே, தப்பிப் போவதற்காகத்தான் இப்படிச் செய்தேன் என்று நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு எழுதினார். இவ்வளவும் தெரிந்த பிறகு ‘நியூபோர்ட் உடன்படிக்கை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, 1646இல் நியூகாசிலில் இருந்த மன்னருக்கு நாடாளுமன்றம் அனுப்பிய ‘ப்ரொபோசிஷன்ஸ்’ (propositions). ‘முன்மொழிவுகள்’ என்று வைத்திருக்கிறோம். மென்மையாக இருக்கிறது. நாடாளுமன்றம் அனுப்பிய ஆட்களுக்கு விவாதிக்கும் அதிகாரமே இல்லை. ஆம் அல்லது இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இதற்குச் செய்தி கொண்டுவரும் ஓர் எக்காளக்காரனே போதுமே என்று மன்னர் சொன்னதாகச் சொல்வார்கள். படை 20 ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ‘நியூகாசில் நிபந்தனைகள்’ என்பதே சரி. இது தீர்வுப்பேச்சுப் பட்டியலில் வராது.

1648 ஜனவரியில் மன்னரோடு இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று நாடாளுமன்றம் எடுத்த முடிவுக்கு ‘தொடர்பறுப்புத் தீர்மானம்’ எனலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் அதை ரத்து செய்த பிறகுதான் நியூபோர்ட்டுக்கு வழி திறந்தது.

‘தீர்வு’ என்ற பகுதிக்கு இன்னொரு ஆதாரமும் உண்டு. 1648 டிசம்பர் 5 அன்று, மன்னரின் பதில்கள் நாட்டுக்கு ஒரு தீர்வு காண அடிப்படையாகும் என்று மக்களவை 129க்கு 83 என்ற வாக்கில் முடிவு செய்தது. மறுநாள் காலையில், மன்னரோடு பேசுவதை எதிர்த்த நாடாளுமன்றப் படையைச் சேர்ந்த கர்னல் பிரைடின் படையினர் அவை வாசலில் நின்று உறுப்பினர்களைத் தடுத்தார்கள், சிலரைக் கைது செய்தார்கள். 1649 ஜனவரி 30இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. தீர்வுப்பேச்சு தோற்றது என்று எழுதும்போது இந்தத் தொடர்ச்சி தெளிவாக நிற்கிறது. உடன்படிக்கை என்று எழுதினால் எந்த உடன்படிக்கையை யார் மீறினார் என்ற தேவையில்லாத கேள்வி வருகிறது.

அப்புறம், பேச வந்தவர்களை ‘ஆணையர்’ என்று போட்டிருப்பதையும் பாருங்கள். இன்று ஆணையர் என்றால் மாநகராட்சி அதிகாரியோ காவல்துறை அதிகாரியோதான். ‘பேராளர்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘தீர்வுப்பேச்சு’, ‘நிபந்தனைகள்’, ‘தொடர்பறுப்புத் தீர்மானம்’, ‘பேராளர்’ ஆகிய நான்கையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.