மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணலில் கதிரியக்கம் அளக்கிறேன், பொட்டாசியம் மதிப்பு நம்பும்படி இல்லை

குமரி_மாணவி:
எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. முட்டத்திலிருந்து குளச்சல் வரை கடற்கரை மணல் எடுத்து காமா ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்துகொண்டிருக்கிறேன். எங்கள் கல்லூரியில் இருப்பது சோடியம் அயோடைடு டிடெக்டர். மூன்று சந்தேகம். மணலைக் காயவைத்து, சலித்து, டப்பாவில் அடைத்தவுடன் அளக்கலாமா, ஒரு மாதம் வைத்துத்தான் ஆகவேண்டுமா? சீனியர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அடுத்து, கறுப்பு மணல் மாதிரிகளில் தோரியம் ஏற ஏற பொட்டாசியம்-40 மதிப்பும் கூடவே ஏறுகிறது, ஆனால் அந்த மணலில் பொட்டாசியம் உள்ள ஃபெல்ஸ்பார் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கடைசியாக, ஒரே கரையில் சில அடி தள்ளி எடுத்தாலே தோரியம் பல மடங்கு மாறுகிறது, எதை அந்த ஊரின் மதிப்பு என்று எழுதுவது? அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். சும்மா பயமுறுத்தவும் மனமில்லை, மறைக்கவும் மனமில்லை.

காமாக்கண்:
ரேடியத்துக்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் ரேடியம்-226ஐ நேரடியாகப் பார்ப்பதில்லை, அது சிதைந்துகொண்டே போகும் வழியில் பின்னால் வரும் பிஸ்மத்-214இன் 609 அல்லது 1764 கேஇவி (காமாவின் ஆற்றல் அளவு) கோட்டை ஸ்பெக்ட்ரத்தில் பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள். நடுவில் ரேடான் இருக்கிறது, அது வாயு, மணலைக் காயவைத்துச் சலிக்கும்போது ஒரு பங்கு போய்விடும். அதன் அரைவாழ்வு 3.8 நாள், அதனால் காற்றுப் புகாமல் மூடி ஏறக்குறைய நாலு வாரம் வைத்தால்தான் ரேடியத்தோடு சமநிலைக்கு வரும். மூடியைத் திருகினால் மட்டும் போதாது, விளிம்பில் பசை போட்டு டேப் சுற்றுங்கள். தோரியம் வழியில் வரும் தாரான் வாயுவுக்கு அரைவாழ்வு ஒரு நிமிடம்கூட இல்லை, அது சில நாளிலேயே சரியாகிவிடும்.

பொட்டாசியம் விஷயத்தில் உங்கள் சந்தேகம் மிகச் சரி, அதை விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம்-40 கோடு 1460.8 கேஇவி. தோரியம் வழியில் வரும் ஆக்டினியம்-228க்கு 1459இல் ஒரு சின்னக் கோடு இருக்கிறது, ஜெர்மானியம் டிடெக்டராலேயே இரண்டையும் சரியாகப் பிரிக்க முடியாது. சாதாரண மண்ணில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் தோரியம் கிலோவுக்கு 1000 பெக்கரல் (நொடிக்கு இத்தனை அணு சிதைவு) இருக்கும் மணலில் இந்த ஒரு கோடு மட்டுமே 75–80 பெக்கரல் போலிப் பொட்டாசியத்தைக் காட்டும். சோடியம் அயோடைடில் பக்கத்து ஆக்டினியம் கோடுகளும் உள்ளே விழும், இன்னும் மோசம். சர்வதேச அணுசக்தி முகமையின் தோரியம் ஸ்டாண்டர்டு (தோரிய அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) உங்கள் துறையில் இருந்தால் அதை அளந்து, 2614 கேஇவி தாலியம்-208 எண்ணிக்கைக்கு எவ்வளவு பொட்டாசியப் பகுதியில் விழுகிறது என்று விகிதம் எடுத்துக் கழியுங்கள். அப்புறம் கனமணல் ஸ்டாண்டர்டை விட அடர்த்தி அதிகம், உள்ளேயே காமாவை விழுங்கும். டப்பாவை ஒரே உயரத்துக்கு நிரப்பி, கூடியவரை உயர் ஆற்றல் கோடுகளை நம்புங்கள்.

நெய்தல்நிலம்:
நான் புவியியல் ஆள், மூன்றாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன். கறுப்பாக இருப்பதால் கதிரியக்கம் என்று எழுதிவிடாதீர்கள். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், அதில் தோரியம் மிகக் குறைவு. தோரியத்தைச் சுமப்பது தேன் நிற மோனசைட், யுரேனியத்தில் ஒரு பங்கு சிர்கானில். இவையெல்லாம் குவார்ட்ஸை விடக் கனம், அதனால் அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போகும்போது ஒன்றாகவே தங்கிவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலை சலித்துப் போட்ட சரக்கு இது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டதும் காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேடித்தான்.

ஆகவே சில அடியில் பல மடங்கு மாறுவது உங்கள் அளவீட்டுக் கோளாறு அல்ல, கரையே அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் அதே இடத்தில் எடுத்தால் வேறு எண் வரும். கறுப்புப் பட்டையைத் தேடிப்போய் அள்ளாமல், அலை தொடும் இடத்திலிருந்து மேட்டு மணல் வரை கோடு போட்டு, சம இடைவெளியில், ஒரே ஆழத்தில் எடுங்கள். தேதியும் இடமும் கட்டாயம். சராசரியை மட்டும் தராமல் வீச்சையும் இடைநிலை மதிப்பையும் கொடுங்கள், ஒரே ஒரு கறுப்புப் பட்டை சராசரியை எங்கோ தூக்கிவிடும்.

குமரி_மாணவி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்னொன்று. எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் ரேடியச் சமானம் (ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது) கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டினால் ஆபத்து என்று முடிக்கிறார்கள், எனக்கும் பல இடத்தில் தாண்டுகிறது. அப்படியே எழுதலாமா?

காமாக்கண்:
எழுதாதீர்கள். 370 என்பது கட்டுமானப் பொருளுக்கு வைத்த வரம்பு. அந்த மணலை வீடு கட்ட அள்ளுகிறார்களா என்பது நல்ல கேள்வி, அதைத் தனியாகக் கேளுங்கள். கரையில் நிற்பவருக்கு வேண்டியது டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சு அளவு. கிலோவுக்கு ரேடியம் 100, தோரியம் 1000, பொட்டாசியம் 150 பெக்கரல் என்று வைத்தால், முறையே 0.462, 0.604, 0.0417ஆல் பெருக்கிக் கூட்டினால் மணிக்குச் சுமார் 656 நானோகிரே வரும். நாளில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே இருப்பார் என்று பிடித்து, கிரேயைச் சீவர்ட்டாக்க 0.7ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 0.8 மில்லிசீவர்ட். உலகில் ஒருவருக்கு எல்லா இயற்கை வழியிலும் சேர்த்து வருடச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்கு பொதுவாக எல்லோருக்கும் வைத்த சராசரிக் கணக்கு, நாள் முழுக்க மணலில் உட்கார்ந்து வலை பின்னுபவருக்குப் பொருந்தாது. அவர்களிடமே எத்தனை மணி நேரம் என்று கேட்டுக் கணக்கிடுங்கள், உங்கள் புராஜெக்டில் வேறு யாரும் செய்யாத பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல்கரையில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதை வைத்து உங்கள் ஊருக்கு ஒன்றும் இல்லை என்று முடிக்கவும் வேண்டாம். முடிந்தால் ஒரு சர்வே மீட்டரை (கையில் பிடித்துக் கதிர்வீச்சை அளக்கும் கருவி) தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, காஸ்மிக் கதிரின் பங்கைக் கழித்து, கணக்கில் வந்த எண்ணோடு ஒப்பிட்டு அட்டவணையில் பக்கத்திலேயே போடுங்கள்.