பில்லி பிராகின் இரண்டாவது ஆல்பத்தில் அரசியல் எங்கே?

நடுநிசி ரேடியோ:
இடதுசாரிப் பாடகர் என்றாலே பில்லி பிராக் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய இரண்டாவது ஆல்பம் 'புரூயிங் அப் வித் பில்லி பிராக்' 1984 அக்டோபரில் வந்தது. அந்த மாதம் பிரிட்டன் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளர்கள் மார்ச்சிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், பிரதமர் தாட்சர் இறங்கி வருவதாக இல்லை. ஆல்பத்தில் பதினோரு பாட்டு, அதில் சுரங்கத்தைப் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. நேரடி அரசியல் என்று பார்த்தால் பத்திரிகைகளைத் திட்டும் 'இட் சேஸ் ஹியர்', 1982ல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரைப் பாடும் 'ஐலண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்', அவ்வளவுதான். மீதியெல்லாம் காதல், பிரிவு, பழைய கார். இதையா அரசியல் ஆல்பம் என்கிறீர்கள்?

பழைய தட்டு:
அரசியல் ஆல்பம் என்று யார் சொன்னார்கள் சார்? முதல் ஆல்பத்திலேயே, உலகத்தை மாற்றும் எண்ணம் எனக்கில்லை, ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பாடியவர் அவர். ஆனால் அந்த ஃபாக்லாந்து பாட்டை 'அவ்வளவுதான்' என்று தள்ளிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிராக் 1981ல் ராணுவத்தில் சேர்ந்தார், மூன்று மாதம் பயிற்சியில் இருந்தார், பிறகு 175 பவுண்டு கட்டி வெளியே வந்தார். அடுத்த வருஷமே போர். அதனால்தான் பாட்டில் மேடையேறி நின்று போரைக் கண்டிப்பவர் யாரும் இல்லை. பதுங்குகுழி தோண்டிக் களைத்துப்போன ஒரு சிப்பாய் பேசுகிறான். எதிரே வரும் எதிரியின் கையில் இருக்கும் ஆயுதம் பிரிட்டனின் பர்மிங்காமிலேயே செய்தது என்று பார்க்கிறான். இதைவிட என்ன வேண்டும்? இது கற்பனைக்காகச் சேர்த்த விஷயமும் இல்லை. அர்ஜென்டினா மூழ்கடித்த 'ஷெஃபீல்ட்' எந்த ரகப் போர்க்கப்பலோ, அதே ரகக் கப்பலை பிரிட்டனே அர்ஜென்டினாவுக்கு விற்றிருந்தது.

மழைக்காகிதம்:
இரண்டு பேரும் அந்த இரண்டு பாட்டையே சுற்றுகிறீர்கள். எனக்கு அந்த ஆல்பம் என்றால் 'தி சாட்டர்டே பாய்' மட்டும்தான். வரலாறு வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணை நினைத்து உருகும் பையன், தன்னைக் கூப்பிடாத பார்ட்டிக்கு அவள் போய்விட்டாள் என்று தெரிந்து நொந்துபோகும் இடம், அங்கே டேவ் உட்ஹெட்டின் ட்ரம்பெட் வரும்போது சுரங்கமாவது தாட்சராவது. 'இட் சேஸ் ஹியர்' வெறும் பிரசங்கம். உன் பேப்பர் டோரி (தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சி) பேப்பர் என்று தெரிந்தால் இன்னொரு பக்கமும் உண்டென்று நினைத்துக்கொள் என்கிறார். சரி, தெரிந்த விஷயம்தானே, அதற்கு ஒரு பாட்டா?

பழைய தட்டு:
தெரிந்த விஷயம் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அன்று பத்திரிகைகள் பிங்கோ என்ற எண் விளையாட்டில் பரிசு காட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்தன, அதைத்தான் அந்தப் பாட்டு கிண்டலடிக்கிறது. 1984 மே மாதம் 'தி சன்' சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் ஸ்கார்கிலை ஹிட்லரைப் போலக் காட்டி முதல் பக்கம் தயாரித்தபோது, அதை அச்சடிக்க மாட்டோம் என்று அங்கிருந்த தொழிலாளர்களே மறுத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வந்த பாட்டு அது. மெட்டு கொஞ்சம் முரடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

நடுநிசி ரேடியோ:
இந்தச் சம்பவமே என் பக்கம்தான் பேசுகிறது. அச்சகத் தொழிலாளி வேலையைப் பணயம் வைத்து மறுத்திருக்கிறான், பாடகரோ கேட்பவர்களிடம் 'இன்னொரு பக்கமும் உண்டு' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். 'பிட்வீன் தி வார்ஸ்' கேளுங்கள், தொழிலாளியின் குரல் என்றால் அது. ஆல்பத்தில் அந்தத் தரத்தில் ஒன்றும் இல்லை.

பழைய தட்டு:
அது 1985 தொடக்கத்தில் தனி இ.பி.யாக (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்னத் தட்டாக) வந்தது, அதில் வந்த பணம் வேலைநிறுத்தக்காரர்களின் நிதிக்குப் போனது. முதல் இரண்டு ஆல்பங்களையும் அந்த இ.பி.யையும் 1987ல் 'பேக் டு பேசிக்ஸ்' என்று ஒன்றாகக் கட்டி விற்றார்கள். அதை வாங்கிக் கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே மூச்சில் எழுதியது போலத் தோன்றும். வேலைநிறுத்தம்தான் தன்னை அரசியல் ஆளாக மாற்றியது என்று பிராகே பல தடவை சொல்லியிருக்கிறார். மாறுவதற்கு முன்னால் இருந்த மனிதரிடம் போய், ஏன் மாறவில்லை என்று கேட்கிறீர்கள்.

தெற்குத்தெரு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பாட்டு வரிகளையே பேசுகிறீர்கள், சத்தத்தை யாரும் பேசவில்லையே? ஒரு எலெக்ட்ரிக் கிடார், அவருடைய ஊரான, லண்டன் பக்கத்து பார்க்கிங்கின் (Barking) பேச்சு வாடை அப்படியே இருக்கும் ஒரு குரல். டிரம்ஸ் கிடையாது. முதல் ஆல்பம் ஏழு பாட்டு, பதினாறு நிமிஷம், 2.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதே என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அரசியல், கடைக்காரன் கையைக் கட்டிப்போடும் அரசியல். இரண்டாவதில் அதே கிடாரோடு கொஞ்சம் ட்ரம்பெட், கொஞ்சம் ஆர்கன் சேர்கிறது. கெட்டுப்போகும் அளவுக்கு இல்லை, ஆனால் அந்த முரட்டு வெறுமை கொஞ்சம் குறைந்துவிட்டது. பாதிப் பாட்டுகள் ஸ்டுடியோவில் யாரோ துடைத்து வைத்தது போல இருக்கின்றன.

மழைக்காகிதம்:
பதினோரு பாட்டையும் வெறும் கிடாரில் கேட்டால் தலைவலிதான் வரும் பாஸ். ட்ரம்பெட் இல்லாவிட்டால் 'சாட்டர்டே பாய்' வெறும் புலம்பல்.

நடுநிசி ரேடியோ:
தெற்குத்தெரு சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது, விலையை அச்சடித்ததில் இருக்கும் துணிச்சல் பாட்டில் இல்லை. 'லைக் சோல்ஜர்ஸ் டூ' இருக்கிறதே, காதலர் சண்டையைப் போரோடு ஒப்பிடுகிறார், அதே ஆல்பத்தில் நிஜமான போரும் இருக்கிறது. ஃபாக்லாந்தில் 255 பிரிட்டிஷ்காரர்கள், 649 அர்ஜென்டினாக்காரர்கள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒப்பீடு எனக்கு உறுத்துகிறது.

பழைய தட்டு:
எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. ராணுவச் சீருடை போட்டுப் பார்த்த ஆளுக்கு வீட்டுச் சண்டையிலும் அந்தப் பாஷைதான் வாயில் வரும். உங்களுக்குக் கொடியும் சங்கமும் வேண்டுமென்றால் 1986ல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்குப் போங்கள், தொழிற்சங்கப் பாட்டே இருக்கிறது.

நடுநிசி ரேடியோ:
அதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். உங்கள் சிப்பாய் பாட்டை மட்டும் இன்று ராத்திரி இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன், ஆனால் 'இட் சேஸ் ஹியர்' பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.