சிங்கப்பூரில் தகனம், ஊரில் கல்லறை: அஸ்தியை எங்கே வைப்பது?

அன்பு உறவுகளே, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

சிங்கப்பூரில் இருக்கும் நம் பெரியவர்கள் சிலர், "என்னை எரிச்சிராதீங்க, மண்ணுல வையுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தவிக்கிறார்கள். எரித்தால் உயிர்த்தெழுதல் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அடியில் இருப்பது. அந்தப் பயம் வேண்டாம். தகனத்துக்கு இருந்த தடையைத் திருச்சபை 1963இலேயே தளர்த்திவிட்டது. அடக்கமே சிறந்தது என்கிறது 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பு; ஆனால் விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை தகனத்தைத் தடுக்கவில்லை.

இன்னொன்றையும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இப்போது புதைக்க இடம் தருவது சுவா சூ காங் இடுகாடு மட்டும். அங்கேயும் 1998 முதல் 15 வருடத் தவணைதான். அது முடிந்ததும் தோண்டி எடுப்பார்கள். நம்மைப் போலத் தகனத்துக்குத் தடையில்லாத மதத்தாரின் எலும்புகள் அப்போது தகனத்துக்குத்தான் போகும். இன்று மண்ணில் வைத்தாலும் முடிவு அதுவே. ஆகவே கோயிலில் உடலை வைத்துப் பூசை கண்டு, பிறகு மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோவதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அஸ்தி விஷயத்தில்தான் கவனம் தேவை. ஊர்க் கடலில் கரைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கடலிலோ காற்றிலோ தூவுவதையும், பிள்ளைகளுக்குள் பங்கிடுவதையும் 2016இல் ரோமை தெளிவாக விலக்கியிருக்கிறது. வீட்டில் வைப்பதும் ஆயரின் விசேஷ அனுமதி இல்லாமல் ஆகாது. 2023 டிசம்பரில் இதுபற்றிய கேள்விக்கு ரோமையிலிருந்து வந்த பதிலில் ஒரு சிறு வழி திறந்தது: இறந்தவரின் வாழ்க்கையோடு ஒட்டிய இடத்தில் அஸ்தியில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். பிறந்த ஊரைவிட ஒட்டிய இடம் நமக்கு ஏது?

முழு அஸ்தியையும் ஊருக்கே கொண்டுவருவதானால் அப்பா அம்மா கல்லறையிலேயே வைக்கலாம். அதற்குப் பெட்டியளவு குழி வேண்டாம். 2020 கொரோனாக் காலத்தில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டத்தில் தண்ணீர் ஊறும் நிலத்தில் ஆழத் தோண்ட முடியாமல், தகனம் செய்து சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். குடும்பக் கல்லறை இல்லாதவர்களுக்காக நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவரில் அஸ்தி மாடங்கள் கட்டப் பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிடமும் கேட்போம். கல்லறைத் திருநாளுக்கு முன் மனு போகவேண்டும். சம்மதிப்பவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.